போயிட்டு வர்றேன்

எங்கள் வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு மூங்கில் தடி சாய்ந்து நிற்கிறது. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, ‘‘ஏன் சார், பாம்பு வருதா?’’ என்று விசாரிப்பார்கள். பாம்பெல்லாம் இல்லை. அது வெள்ளியங்கிரி மலைத் தடி.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பூண்டி அடிவாரத்தில் ஆரம்பித்து ஏழு மலை ஏற வேண்டும். உச்சி சுமார் 6,000 அடி. பிப்ரவரியிலிருந்து மே வரை ஜனங்கள் சாரை சாரையாகப் போவார்கள். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் ராத்திரி ஏற்றம். முதல் மலையின் கல் படிகளிலேயே முட்டி ‘நான் வரலை’ என்று சொல்லிவிடும். அதற்குத்தான் அடிவாரத்தில் இந்தத் தடியை விற்கிறார்கள்.

ஏழாவது மலையைத் தொட்டு வந்த வீரப் பிரதாபம் இது என்று நினைத்துவிடாதீர்கள். என் தடி பாதியில் திரும்பி வந்த தடி.

இருபது வருஷத்துக்கும் மேலே ஆகிறது. எனக்கு அப்போது 24 வயசு. கூட வந்தவர் என் பெரியம்மா மகன். அண்ணனுக்கு 38 இருக்கும். தையல் கடை வைத்திருந்தார். நாளெல்லாம் மெஷினில் உட்கார்ந்தே இருக்கும் மனுஷன், ‘‘ஒருக்கா ஏறிப் பாத்துரலாம்டா’’ என்று கிளம்பிவிட்டார்.

நாலாவது மலை வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார். ஐந்தாவதில் பேச்சு நின்றது. ஒரு பாறையில் உட்கார்ந்தார். குளிர்காற்று காதை அறுக்கிறது. இவருக்கோ சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. இடது தோளைப் பிடித்துக்கொண்டு, ‘‘வாயுடா... சரியாப் போயிரும்’’ என்றார்.

அப்போது நான் ஒன்று சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ‘‘இன்னும் ரெண்டு மலைதானேண்ணா! கொஞ்சம் தம் கட்டுங்க!’’

நல்லவேளை, அவர் எழுந்து நிற்பதற்குள் மேலேயிருந்து ஒரு பாட்டி இறங்கி வந்தார். எழுபது வயசு இருக்கும். வெறுங்கால். டார்ச் வெளிச்சத்தில் அண்ணன் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். ‘‘ஏங்கண்ணு, சாமி எங்க போயிரப் போகுது? அடுத்த வருசமும் இங்கயேதான் இருக்கும். மொதல்ல இவரக் கீழ கூட்டிட்டுப் போ.’’

முன்பின் தெரியாத நாலு பேர் நின்றார்கள். தடிகளைச் சேர்த்துக் கட்டி, வேட்டியை விரித்துத் தொட்டில் மாதிரி செய்தார்கள். ஆள் மாற்றி ஆள் மாற்றி அந்தச் செங்குத்துப் படிகளில் அண்ணனைச் சுமந்து இறக்கினார்கள். அவர்கள் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. விடிந்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது டாக்டர் சொன்னார்: ‘‘ஹார்ட் அட்டாக். இன்னும் மேல ஏறியிருந்தா, என்கிட்ட கொண்டு வந்திருக்க மாட்டீங்க.’’

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். இறங்கும்போது பாதி தூரம் வரை எனக்குள்ளே கோபம்தான் இருந்தது. ஆபீஸில் என்ன சொல்வது? ‘அஞ்சு மலையோட திரும்பிட்டானாம்’ என்று சிரிப்பார்களே! பக்கத்தில் ஒரு உயிர் ஊசலாடுகிறது, எனக்குக் கவலை என் கௌரவத்தைப் பற்றி. மலை ஏறினால் மனசு விசாலமாகும் என்பார்கள். அது எத்தனை குறுகலானது என்பதையும் மலைதான் காட்டும்.

பாடம் படித்துவிட்டேன் என்றா நினைக்கிறீர்கள்? பன்னிரண்டு வருஷம் கழித்து இமயமலைக்குப் போனேன். கங்கோத்ரியிலிருந்து கங்கை பிறக்கும் கோமுகம் வரை 18 கிலோமீட்டர் நடை. இடையில் 14-வது கிலோமீட்டரில் போஜ்பாசா என்ற இடத்தில் ராத்தங்கல். உயரம் சுமார் 3,800 மீட்டர். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன், கடற்கரையில் கிடைப்பதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குதான். பொதுவாக 2,500 மீட்டரைத் தாண்டினாலே உடம்புக்குப் பழக அவகாசம் வேண்டும். 3,000-க்கு மேலே, படுக்கிற இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவர்களின் கணக்கு. நாங்களோ பஸ்ஸில் மேலே வந்து இறங்கி, மறுநாளே நடக்க ஆரம்பித்த சூரர்கள்.

சாயந்திரம் தலை விண்விண்ணென்று தெறித்தது. வழிகாட்டியாக வந்த கட்வாலிப் பையன் கேட்டான், ‘‘தலை வலிக்குதா சார்?’’ ‘‘இல்லையே’’ என்றேன், கூசாமல். கோயமுத்தூரிலிருந்து டெல்லிக்கு ரயில் டிக்கெட், பத்து நாள் லீவு, வாங்கிய புது ஷூ... எல்லாம் சேர்ந்து பொய் சொல்ல வைத்தது.

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. விடியற்காலையில் இரண்டு முறை வாந்தி. கோமுகம் இன்னும் நாலே கிலோமீட்டர். ‘இன்னும் ரெண்டு மலைதானே’ என்ற என் பழைய குரல் எனக்கே கேட்டது. கூடவே அந்தப் பாட்டியின் குரலும். பையனைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். ‘‘இறங்குங்க’’ என்றான். அவ்வளவுதான் வைத்தியம். என்னோடு ஒரு நண்பர் இறங்கினார். அவர் முகத்தில், ஐந்தாவது மலையில் நான் வைத்திருந்த அதே முகம். ஆனால், நான் சொன்னதை அவர் சொல்லவில்லை. மத்தியானம் கீழே வரவர, யாரோ துடைத்துவிட்ட மாதிரி தலைவலி போய்விட்டது.

எர்னஸ்ட் ஷேக்கில்டன் என்றொரு கடலோடி. 1909 ஜனவரி 9 அன்று தென் துருவத்துக்கு சுமார் 180 கிலோமீட்டர் தூரத்தில் நின்றார். அதுவரை யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை. கையிலிருந்த உணவைக் கணக்குப் பார்த்தார். போய்ச் சேரலாம், ஆனால், திரும்ப முடியாது. கொடியை அங்கேயே ஊன்றிவிட்டுத் திரும்பினார். கூடப் போன மூன்று பேரும் அவரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். 1912 ஜனவரியில் ஸ்காட் தன் நாலு தோழர்களோடு துருவத்தையே தொட்டார். ஐந்து பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. ஸ்காட்டைக் குறை சொல்ல நான் யார்? ஆனால், ஷேக்கில்டன் திரும்பி நடந்த அந்த முதல் அடியை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

ஆபத்து தூர தேசத்தில்தான் இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். 2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி. மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்து போனார்கள். பெரும்பாலும் இளசுகள். மார்ச்சில் புல் காய்ந்து பஞ்சாகக் கிடக்கும். தீ, சரிவில் மேல்நோக்கி மனிதனைவிட வேகமாக ஓடும். இது காட்டோரம் வாழ்கிறவர்களுக்குத் தெரியும். நகரத்துப் பிள்ளைகளுக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

அதனால் வீட்டிலேயே இருங்கள் என்று சொல்ல வரவில்லை. போங்கள், கட்டாயம் போங்கள். பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். பழனி 693 படி. அதை நிற்காமல் ஏறி, மேலே நின்று பேச முடிகிறதா பாருங்கள். அப்புறம் செஞ்சிக் கோட்டை. காட்டுக்குள் நடக்க ஆசையா? 2024-ல் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளை அறிவித்தது. உள்ளூர் மலைவாழ் மக்களே வழிகாட்டிகளாக வருகிறார்கள். காட்டுத்தீ காலத்தில் பாதையை மூடினால், குறுக்கு வழி தேடாதீர்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் ஏறுவதற்கு முன்னால் டாக்டரை ஒரு எட்டு பார்த்துவிடுங்கள். தண்ணீர், டார்ச், விசில் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு, எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவோம் என்பதைக் கீழேயே முடிவு செய்யுங்கள். மேலே போய்விட்டால் ஆசை முடிவு செய்யும். முக்கியமாக, கூட்டத்தில் யாராவது ‘முடியலை’ என்றால், ‘தம் கட்டு’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அண்ணனுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. தையல் கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். வருஷா வருஷம் எங்களோடு பூண்டி வரைக்கும் வருவார். மேலே ஏற மாட்டார். அடிவாரத்தில் உட்கார்ந்து, தடி வாங்கும் இளவட்டங்களிடம் பேச்சுக் கொடுப்பார். ‘‘முடியலைன்னா திரும்பிருங்க சாமி. வெக்கப்படாதீங்க’’ என்பார். சில பேர் சிரிப்பார்கள்.

போன வருஷம் நான் கிளம்பும்போது, ‘‘சரிண்ணா, போறேன்’’ என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் தடியை என் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டார்.

‘‘என்னடா பேச்சு இது? போயிட்டு வர்றேன்னு சொல்லு.’’

சொன்ன பிறகுதான் தடியைக் கொடுத்தார்.