திரும்பி வந்த கிண்ணம்

டிசம்பர் பிறந்தால் போதும், "பாட்டி, கண்ணாடிக் கிண்ணம் எப்போது இறங்கும்?" என்று என் பேரப்பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கிவிடுவார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். ஆனாலும் பள்ளி விடுமுறையில் ஒரு நாளாவது அலமாரியின் மேல்தட்டிலிருந்து அந்தக் கிண்ணத்தை இறக்கி, கழுவித் துடைத்து, டிரைஃபிள் செய்தாக வேண்டும். கால் வைத்த, கனத்த, பழைய காலத்துக் கிண்ணம். விளிம்பில் ஓரிடத்தில் லேசாகச் சில்லு போயிருக்கிறது.

டிரைஃபிள் என்பது ஆங்கிலேயரின் பண்டிகைப் பலகாரம். அடியில் பழைய கேக் துண்டுகள். அவற்றை ஷெர்ரி என்னும் மதுவில் ஊற வைப்பார்கள். அதன்மேல் பழம், ஜெல்லி, கஸ்டர்டு, எல்லாவற்றுக்கும் மேலே நுரைக்க அடித்த கிரீம். வெளியிலிருந்து பார்த்தால் அடுக்கடுக்காகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே கண்ணாடிக் கிண்ணம். ஜெல்லி போடுவதா கூடாதா என்று அவர்களுக்குள்ளேயே இன்னும் சண்டை உண்டு. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே டிரைஃபிள் என்றால் பாலேட்டில் சீனி, இஞ்சி, பன்னீர் சேர்த்துச் சூடாக்கியதுதானாம். நம் பாயாசத்துக்கு அக்காள் தங்கை போல இருந்திருக்கும். மதுவில் ஊறிய பிஸ்கட்டும் கஸ்டர்டும் நுரைத்த கிரீமும் அடுக்காக ஏறியது 18ஆம் நூற்றாண்டில். அந்தச் சொல்லுக்கு அற்ப விஷயம் என்று பொருள். ஒன்றரை நாள் வேலை வாங்கும் பண்டத்துக்கு இப்படி ஒரு பெயர்!

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் அப்பா. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், 1951 முதல் 1973 வரை 22 ஆண்டுகள் பெரிய துரை பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். துரைமார் நான்கைந்து பேர் மாறினார்கள், அப்பா மட்டும் குசினியிலேயே இருந்தார். அந்தத் தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. பங்களா இருந்த மேட்டில் படிக்கட்டு மட்டும் கிடக்கிறது.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது ஒரு கிறிஸ்துமஸ் நாளில் அப்பாவுக்கு மாற்றுச் சட்டை கொண்டுபோய்க் கொடுக்கப் பங்களாவின் பின்வாசலுக்குப் போனேன். மண்ணெண்ணெயில் ஓடும் ஐஸ்பெட்டியைத் திறந்து அவர் அந்தக் கிண்ணத்தை வெளியே எடுத்தார். சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று அடுக்கடுக்காக, மேலே செர்ரிப் பழமும் சீவிய பாதாமும். லயத்துப் பிள்ளையாகிய நான் அதுவரை அப்படி ஒன்றைக் கண்டதில்லை.

"அப்பா, எனக்குக் கொஞ்சம்" என்றேன்.

"அது நம்ம சாப்பாடு இல்ல, பாப்பா. வீட்டுக்குப் போ" என்றார். குரலில் கோபம் இல்லை. ஆனால் கதவைச் சாத்திவிட்டார்.

வாசகர்கள் இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கலாம். எனக்கு அது முள்ளாகத் தங்கிவிட்டது. பிள்ளை கேட்டும் ஒரு கரண்டி தர மனம் வராத அளவுக்குத் துரைக்குப் பயந்தவர் என்று அப்பாவைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். வெளியில் சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவரிடம் எதையும் கேட்டு வாங்கித் தின்றதில்லை. அம்மாவிடம்தான் கேட்பேன்.

1973இல் கடைசித் துரை ஊருக்குக் கப்பலேறியபோது, துரைசானி அந்தக் கிண்ணத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். என் கல்யாணத்தின்போது அது எனக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, வாங்கிக்கொண்டேன்.

கல்யாணமான மறு ஆண்டு, 1984இல், என் வீட்டுக்காரரின் வேலையிடத்திலிருந்து எட்டுப் பேரை விருந்துக்கு அழைத்திருந்தோம். பங்களாப் பலகாரம் செய்து அசத்திவிடலாம் என்று பார்த்தேன். அப்பாவிடம் கேட்கவில்லை, வீம்பு. பாக்கெட் ஜெல்லியைக் கரைத்து, சந்தையில் வாங்கிய நல்ல பச்சை அன்னாசியை நறுக்கிப் போட்டு, இரவு முழுக்க ஐஸ்பெட்டியில் வைத்தேன். காலையில் பார்த்தால் ரசம் மாதிரி ஓடுகிறது! மேலே ஊற்றிய கஸ்டர்டு உள்ளே இறங்கி, கேக் கரைந்து கூழாகி, அடுக்கும் இல்லை ஒன்றும் இல்லை. விருந்தாளிகளுக்குக் கடையில் ஐஸ்கிரீம் வாங்கி வந்து சமாளித்தோம்.

அடுத்த வாரம் வந்த அப்பாவிடம் என் வீட்டுக்காரர் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அப்பா என்னைப் பார்த்து, "பச்சை அன்னாசியா போட்ட?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். "டின் அன்னாசிதான் போடணும். ஆட்டுக்கறி சீக்கிரம் வேக ஒரு துண்டு பப்பாளிக்காய் போடுறதில்லையா? அன்னாசியும் அந்த மாதிரிதான். ஜெல்லியைத் தின்னுடும்."

பள்ளிக்கூடம் போகாத மனிதர் சொன்னது முழுக்கச் சரி. ஜெல்லியை உறைய வைப்பது ஜெலட்டின் என்னும் புரதம். பச்சை அன்னாசியிலும் பப்பாளியிலும் புரதத்தை வெட்டிப்போடும் நொதிகள் இருக்கின்றன. டின்னில் அடைக்கும்போது சூடுபடுத்துவதால் அன்னாசியின் நொதி செத்துவிடும். பிறகு தாராளமாகப் போடலாம்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முதல் வருஷம் நானும் போட்டேன். துரைசானி ஏசின ஏச்சு இன்னும் காதுல இருக்கு."

எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில்தான், "சரி, ஒழுங்காகச் செய்தால் எப்படித்தான் இருக்கும், சொல்லுங்கள்" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? நான் எங்க சாப்பிட்டேன்?"

அப்போதுதான் விவரம் தெரிந்தது. பங்களா வேலைக்குப் போகும் முன்பே பத்துமலைக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு, அன்றிலிருந்து கவிச்சியை விட்டவர் அப்பா. முட்டையும் தொடமாட்டார். ஜெலட்டின் மாட்டு எலும்பிலும் தோலிலும் எடுப்பது என்று ஒரு கிராணி சொல்லியிருந்தார். ஷெர்ரியோ சாராய வகை. ஆட்டுக்கறி என்றால் பங்களா ஆயாவிடம் கொடுத்து உப்புப் பார்க்கச் சொல்லலாம். டிரைஃபிள் பக்கம் ஆயாவும் வரமாட்டாராம். கிண்ணம் நிறைந்த பிறகு ஒரு கரண்டி எடுத்துப் பார்க்கவும் முடியாது, தோண்டிய குழி கண்ணாடியில் தெரியும்.

எல்லாம் கண்தான். முட்டைக் கஸ்டர்டு காய்ச்சும்போது கரண்டியின் முதுகில் படிந்ததை விரலால் கோடு இழுப்பார். கோடு மூடாமல் நின்றால் இறக்கிவிடலாம். ஜெல்லிக்குக் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்ப்பார். ருசிக்கு?

"கிண்ணம் திரும்பி வரும்ல? எவ்வளவு மிச்சம்னு பார்ப்பேன். வழிச்சு எடுத்திருந்தா நல்லா இருக்குன்னு அர்த்தம்."

22 ஆண்டுகள் ஒரு பண்டத்தை வாயில் வைக்காமலே செய்திருக்கிறார். நம்ம சாப்பாடு இல்லை என்று அன்று சொன்னதற்கு இதுவா காரணம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அதுவும்தான்" என்றார். "எண்ணி வைக்கிற வீடும்மா அது. எடுத்துக் கொடுத்திருந்தா வேலை போயிருக்கும்." ஆக, நான் நினைத்ததில் பாதி சரியாகத்தான் இருந்தது. பாதி இல்லை. அவ்வளவு ஆண்டுகளில் ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

மறு ஆண்டு, 1985 டிசம்பரில், அவர் சாப்பிடக்கூடிய டிரைஃபிள் ஒன்றைச் செய்ய உட்கார்ந்தேன். ஜெலட்டினுக்குப் பதில் அகார் அகார். கடற்பாசியிலிருந்து எடுப்பது, நம் ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஜெலட்டின் ஜெல்லி நம் வெயிலுக்கு ஐஸ்பெட்டியை விட்டு வெளியே வந்தாலே இளகும், அகார் அகார் அசையாது. பச்சை அன்னாசிக்கும் அது மசியாது. கஸ்டர்டுக்கு முட்டை வேண்டாத தூள். 1837இல் பர்மிங்காம் நகரத்து ஆல்பிரட் பேர்ட் என்பவர், முட்டை ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காகச் சோளமாவில் கண்டுபிடித்தது அது. அவர் மனைவிக்காகச் செய்தது என் அப்பாவுக்கும் உதவியது.

கண்டென்ஸ்டு பால் போட்டு முட்டையில்லாத கேக்கை முதல் நாளே சுட்டுவிட்டேன். புதுக் கேக் கூடாது, ஊறினால் குழைந்துவிடும். எட்டுப் பேருக்கு அளவு சொல்கிறேன். விரல் கனத்துக்கு வெட்டிய கேக்கில் ஜாம் தடவிக் கிண்ணத்தின் அடியில் பரப்பி, ஷெர்ரிக்குப் பதில் 150 மில்லி ஆரஞ்சுச் சாறு தெளித்தேன். 5 கிராம் அகார் அகார் இழைகளை ஊறவைத்து, 600 மில்லி தண்ணீரில் முழுக்கக் கரையும்வரை கொதிக்கவிட்டுச் சீனி போட வேண்டும். புளிப்புச் சாறு சேர்ப்பதானால் இறக்கிய பிறகுதான், சேர்த்துக் கொதிக்கவிட்டால் இறுக்கம் போய்விடும். கேக்கின்மேல் பழத்தைப் போட்டு, அகார் அகார் வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஊற்றிவிடுங்கள், வெளியிலேயே உறைந்துவிடும். 600 மில்லி பாலுக்குக் கஸ்டர்டுத் தூள் 4 மேசைக்கரண்டி, சீனி 3 மேசைக்கரண்டி. காய்ச்சி, ஆடை படியாமல் கிளறிக்கொண்டே ஆறவைத்து ஊற்ற வேண்டும். மேலே கிரீம் 250 மில்லி. டின் கிரீம் நுரைக்காது, குளிர்ந்த புதுக் கிரீம்தான் வேண்டும், பாத்திரத்தையும் ஐஸில் வைத்து அடிக்க வேண்டும். அன்று என் கை விட்டுப்போயிற்று.

சாப்பாடு முடிந்து கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தேன். அப்பா கரண்டியைத் தொடவில்லை. முதலில் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தார். குனிந்து அடுக்குகளைப் பார்த்தார். பிறகு அம்மாவின் தட்டில் போட்டார், மாப்பிள்ளைக்குப் போட்டார், எனக்குப் போட்டார், கடைசியில் தமக்கு. நாங்கள் யாரும் சாப்பிடாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். மெதுவாக மென்று விழுங்கினார்.

"கேக் இன்னும் கொஞ்சம் ஊறணும்" என்றார். இரண்டாவது கரண்டி எடுத்தார். "இவ்வளவு இனிப்பா இது? நான் ஏதோன்னு நினைச்சேன்."

எதை நினைத்திருந்தார் என்று கேட்டேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார்.

இரவு பாத்திரம் கழுவப் போனால், எனக்கு முன்பே அவர் குசினியில் நின்றிருந்தார். கண்ணாடிக் கிண்ணத்தை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் ஒரு கேக் துண்டும் ஓரத்தில் கொஞ்சம் கஸ்டர்டும் ஒட்டியிருந்தன. விரலால் சுற்றி வழித்து வாயில் போட்டுக்கொண்டு, கிண்ணத்தைக் குழாயடியில் பிடித்தார்.