முதலில் ஜோசியைச் சொல்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், காலை வணக்கப் படங்களுக்கும் சர்க்கரை நோய்க் கஷாயங்களுக்கும் நடுவே அந்தச் செய்தி வந்து விழுந்தது. அமெரிக்காவில் குழந்தைகளுக்காக டிவி நிகழ்ச்சி நடத்திய மிஸ்டர் ரோஜர்ஸ், அதற்கு முன்னால் கடற்படையில் குறிபார்த்துச் சுடுகிற வீரராம். இருபத்தைந்து பேரைக் கொன்றவராம். கையெல்லாம் பச்சை குத்தியிருந்தாராம். அதை மறைக்கத்தான் ஆயுசு முழுக்க முழுக்கை ஸ்வெட்டர் போட்டாராம். 'படித்ததில் பிடித்தது' என்று கீழே ஒரு கைகூப்பல். அனுப்பியது கோயம்புத்தூரில் இருக்கும் பெரியப்பா மகன்.

ஆளாளுக்குக் கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போனார்கள். பிட்ஸ்பர்க்கில் இருக்கும் சித்தி மட்டும் குரல் பதிவு அனுப்பினாள். "எவன்டா இதக் கிளப்பிவிட்டது? ஈ எறும்புக்கு நோகாமப் பேசற மனுஷன்டா அவரு!"

சித்திக்கு இது சொந்த விஷயம். எழுபதுகளில் சித்தப்பாவோடு அந்த ஊருக்குப் போனவள். பென் ஹில்ஸ் பெருமாள் கோயில் அப்போது இன்னும் எழும்பவில்லை. சித்தப்பா வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் கைக்குழந்தையும் அவளும் ஜன்னலுக்கு வெளியே பனியும்தான். கடைக்காரன் பேசுகிற இங்கிலீஷ் ஒரு வார்த்தை பிடிபடாது. டிவியில் ஒரே ஒரு ஆள் மட்டும் அவளுக்குப் புரிகிற மாதிரி, வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி, எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்ப்பதுபோலப் பேசினார். "எனக்கு இங்கிலீஷ் வாத்தியார் அவர்தான்" என்பாள். இன்னொரு காரணமும் வைத்திருந்தாள்: "வீட்டுக்குள்ள வந்ததும் ஷூவக் கழட்டற அமெரிக்கனை அதுக்கு முன்னாடி நான் பாத்ததே இல்ல. கழட்டிட்டு வேற ஷூதான் மாட்டிக்குவார். ஆனா கழட்டினார் இல்ல?" அவர் எழுபதுகளிலிருந்தே சைவம் என்று பிற்பாடு தெரிந்தபோது, சித்தி அவரை முக்கால்வாசி உறவினராகவே ஆக்கிக்கொண்டாள்.

டாம் ஹாங்ஸ் அவராக நடித்த 2019 படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். ஸ்வெட்டர், பொம்மை ரயில், கைப்பொம்மைகள், அவசரமே இல்லாத அந்தக் குரல். அதற்கு மேல் அறிமுகம் வேண்டாம்.

ஸ்னைப்பர் கதையை உடைப்பது சுலபமாக இருந்தது, எனக்கே ஏமாற்றமாகும் அளவுக்கு. ஃபிரெட் ரோஜர்ஸ் 1928-ல் லட்ரோப் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1951-ல் ஃப்ளோரிடாவின் ராலின்ஸ் கல்லூரியில் இசைப் பட்டம் வாங்கிய கையோடு நியூயார்க் போய் என்.பி.சி. தொலைக்காட்சியில் சேர்ந்துவிட்டார். 1953-ல் பிட்ஸ்பர்க் வந்து, அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த டபிள்யூ.க்யூ.இ.டி. நிலையத்தில் வேலைக்கு அமர்ந்தார். இதில் எந்த இடுக்கில் போய் ஆளைச் சுட்டுவிட்டு வருவது? கடற்படையின் சிறப்புப் படையான நேவி சீல் உருவானதே 1962-ல். அடுத்த வருஷம் இவர் பிரெஸ்பிடீரியன் சபையில் போதகராகிவிட்டார். பச்சை குத்தல் இன்னும் வேடிக்கை. தினம் காலையில் கிளப் நீச்சல் குளத்தில் நீந்துகிற வழக்கம் உள்ளவர் எதை, யாரிடமிருந்து மறைப்பார்? ஸ்வெட்டர்கள் அவருடைய அம்மா நான்சி பின்னிக் கொடுத்தவை. அவற்றில் ஒரு சிவப்பு ஸ்வெட்டர் 1984 முதல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் வசம் இருக்கிறது.

அவருடைய நிகழ்ச்சி நாடு முழுக்க ஒளிபரப்பானது 1968 பிப்ரவரி 19 முதல். வியட்நாமில் டெட் தாக்குதல் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அந்த முதல் வாரக் கதையில் பொம்மை ராஜா, எதுவும் மாறக்கூடாது என்று தன் கோட்டையைச் சுற்றிக் காவல் போடுகிறார், முள்வேலி கட்டுகிறார். மற்றவர்கள் சமாதான வாசகங்களைப் பலூன்களில் கட்டி மதிலுக்கு மேலே பறக்கவிடுகிறார்கள். குழந்தைகளுக்கு ஒரு ஸ்னைப்பர் சொல்கிற கதையா இது?

இதையெல்லாம் குழுவில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் அந்த ஷூ மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஸ்வெட்டருக்குக் காரணம் கிடைத்தது. வாசலில் வந்ததும் தோல் ஷூவைக் கழற்றி நீலக் கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொள்வதற்கு யார் காரணம்? சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது கேட்டேன். "வீட்டுல ஃப்ரீயா இருக்கத்தான்" என்றாள். பதிலில் அவளுக்கே திருப்தி இல்லை. "இந்த ஊர் விஷயமெல்லாம் பக்கத்து வீட்டம்மாவக் கேளு. அவங்க சின்னப் பிள்ளையிலேருந்தே பாத்தவங்க."

பக்கத்து வீட்டம்மா பள்ளி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதை நெருங்கும் வயது. பேச்சில் ஒரு சொல் கூடாது, குறையாது. கேள்வி கேட்டால் பதில் தருமுன் கேள்வியைத் திருத்துவார். ரோஜர்ஸ் நிகழ்ச்சியைச் சிறுவயதில் பார்த்தீர்களாமே என்று ஆரம்பித்தேன்.

"இல்லை" என்றார். "நான் பார்த்தது ஜோசியை."

ரோஜர்ஸின் டைகர் பொம்மை அதில் வருமே என்றேன். வரும் என்றார். ராஜா பொம்மை, ஆந்தை? வரும். அப்படியானால் அது ரோஜர்ஸ் நிகழ்ச்சிதானே?

"அதில் ரோஜர்ஸ் இல்லை. ஜோசி இருந்தாள்."

அவருக்கு ஞாபகம் பிசகுகிறதோ என்று சந்தேகமாக இருந்தது. வருஷத்தைக் கேட்டுப் பார்த்தேன். பெயர்களைக் கேட்டேன். மேயர் யார், வீட்டில் என்ன டிவி என்றெல்லாம் சுற்றி வளைத்தேன். எல்லாவற்றுக்கும் பளிச்சென்று பதில் வந்தது. ரோஜர்ஸ் என்று நான் எடுக்கும்போதெல்லாம் மட்டும் கையை உயர்த்தினார், வகுப்பில் பேசுகிற பிள்ளையை அடக்குவதுபோல. "முதலில் ஜோசியைச் சொல். அப்புறம் அவருக்கு வரலாம்."

ஷூவைப் பற்றிக் கேட்டதற்கும் அதே பதில்தான். "ஜோசி யாரென்று தெரிந்தால் ஷூ தானாகத் தெரியும்." எரிச்சலோடுதான் எழுந்து வந்தேன். ஆனால் அன்று ராத்திரியே தேட உட்கார்ந்துவிட்டேன்.

ஜோசி கேரி. இயற்பெயர் ஜோசபின் விகாரி. 1930-ல் பிறந்தவர். டபிள்யூ.க்யூ.இ.டி.யில் நிலைய மேலாளர் டாரதி டேனியலின் செயலாளர். அமெரிக்காவில் ஊர் மக்களே பணம் போட்டு நடத்திய முதல் டிவி நிலையம் அது. 1954 ஏப்ரல் 1-ம் தேதி ஒளிபரப்பைத் தொடங்கியது. குழந்தைகளுக்கென்று தினம் ஒரு மணி நேரம் வேண்டும் என்றபோது யாரும் முன்வரவில்லை. செயலாளர் ஜோசியும், நிகழ்ச்சிகளைத் திட்டமிடும் வேலையிலிருந்த ஃபிரெட்டும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். 'தி சில்ட்ரன்ஸ் கார்னர்' அப்படிப் பிறந்தது. கேமரா முன்னால் ஜோசி. திரைக்குப் பின்னால் ஃபிரெட்.

கையில் காசு இல்லை. இலவசமாகக் கிடைக்கும் குறும்படங்களை வாங்கிப் போட்டு, நடுநடுவே ஜோசி பேசுவது, பாடுவது என்பதுதான் திட்டம். ஒளிபரப்புக்கு முந்தின இரவு டாரதி டேனியல் ஃபிரெட்டிடம் ஒரு சின்னப் புலிப் பொம்மையைக் கொடுத்திருந்தார். மறுநாள் நேரலையில் படச்சுருள் அறுந்துபோனது. ஜோசி கேமராவைப் பார்த்துக்கொண்டு தனியாக நிற்கிறார். பின்னால் தொங்கிய திரையில் ஒரு கடிகாரம் வரைந்திருந்தது. ஃபிரெட் அதில் ஓட்டை போட்டு, புலியைக் கையில் மாட்டி வெளியே நீட்டினார். புலி நேரம் சொன்னது. கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்த வருஷத்தையும் ஏனோ சொன்னது. ஜோசி சிரித்துக்கொண்டே அதோடு பேச ஆரம்பித்தார். மேலாளர் பெயரையே வைத்து அது டேனியல் ஆயிற்று. அதற்கப்புறம் கடிகாரத்தைவிட்டு அது வெளியேறவே இல்லை.

இந்தக் கணத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று வெறி பிடித்தது. இங்கேதான் மாட்டிக்கொண்டேன். காட்சியை நாடாவில் பதியும் இயந்திரம் விற்பனைக்கு வந்ததே 1956-ல். அதற்கு முன்னால், டிவி திரையை ஃபிலிம் கேமராவால் படமெடுத்து வைத்தால்தான் உண்டு. உள்ளூர்க் குழந்தை நிகழ்ச்சிக்கு யார் அந்தச் செலவு செய்வார்கள்? ஏழு வருஷம் ஓடிய நிகழ்ச்சியில் சில துண்டுகளே மிஞ்சியிருக்கின்றன. கிடைத்ததைப் பார்த்தேன். மங்கலான கறுப்பு வெள்ளையில் ஒரு இளம்பெண் குனிந்து பொம்மையின் முகத்துக்கு நேராகப் பேசுகிறாள், பதிலுக்குக் காத்திருக்கிறாள், பதில் வந்ததும் நிஜமாகவே ஆச்சரியப்படுகிறாள். எழுதி வைத்த வசனம் கிடையாது. பொம்மைக்குப் பின்னால் ஃபிரெட் இருப்பதே மறந்துபோகும் என்று ஜோசி பிற்காலத்தில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பார்த்தால் நம்ப முடிகிறது. ஆனால் நான் தேடிய அந்த முதல் நாள் மட்டும் எங்கேயும் அகப்படவில்லை. பழைய சாமான்களில், தனியார் சேகரிப்புகளில் இருக்கலாம் என்று யார் சொன்னாலும் ஓடிப் போய் விசாரித்தேன். நகரின் ஹைன்ஸ் வரலாற்று மையத்தில் ரோஜர்ஸ் வீட்டின் வரவேற்பறை செட்டையும் ராஜாவின் கோட்டையையும் வைத்திருக்கிறார்கள். அங்கே நான் கோட்டையின் பின்பக்கத்தைப் பார்க்க எட்டி எட்டிக் குனிந்ததில், பள்ளிச் சுற்றுலா வந்த பிள்ளைகளும் வரிசையாகக் குனிய ஆரம்பித்தார்கள்.

ஷூவுக்கு விடை அந்தப் பின்பக்கத்தில்தான் இருந்தது. புலி, ராஜா, ஆந்தை, பூனை எல்லாவற்றுக்கும் ஃபிரெட் ஒருவர்தான் கை, ஒருவர்தான் குரல். பாட்டு வந்தால் ஆர்கன் வாசிப்பதும் அவரே. ஒரு பொம்மையிடமிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து ஆர்கனுக்கு என்று நேரலையில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தோல் ஷூ மரத்தரையில் டக்டக்கென்று கேட்கும். கேன்வாஸ் ஷூவில் சத்தம் வராது. அவ்வளவுதான். பின்னாளில் அவர் வாசலில் உட்கார்ந்து நிதானமாக நாடா கட்டும் அந்த ஷூ, மூச்சிரைக்க ஓடிய ஒருவருடையது.

ஆக, வாட்ஸ்அப் செய்தியில் ஒரு நுனி மட்டும் சரிதான். அந்த மனிதர் மறைந்து இருந்தவர். துப்பாக்கியோடு இல்லை, பொம்மையோடு. அதுவும் ஏழு வருஷம். சாந்தமான ஒரு ஆளைப் பார்த்தால், உள்ளுக்குள் ஏதோ பயங்கரம் இருந்தால்தான் நமக்குச் சமாதானம் ஆகிறது. ஒரு ஆள் வெறுமனே கூச்ச சுபாவி என்பதை நம்ப மாட்டேன் என்கிறோம்.

மறுபடி பக்கத்து வீட்டம்மாவிடம் போனபோது அவர் கொஞ்சம் இளகியிருந்தார். டேனியலின் பெயரில் குழந்தைகளுக்கு ஒரு சங்கம் இருந்தது, 'டேம் டைகர் டார்கனைசேஷன்' என்று. ஒவ்வொரு காரியமாகச் செய்து காட்டினால் புலிக்கோடு ஒவ்வொன்றாகக் கிடைக்கும். பிரெஞ்சு மட்டுமே பேசும் ஒரு தாத்தா பொம்மை இருந்ததாம். ஜோசிக்கு அந்த பாஷை தெரியாது. தட்டுத் தடுமாறி அதோடு பேசுவாளாம். "ஒரு பெரிய மனுஷி டிவியில் தெரியாது தெரியாது என்று சொல்லிக்கொண்டே கற்றுக்கொள்வதை அங்கேதான் பார்த்தேன்" என்றார். 1955-ல் நாட்டின் சிறந்த உள்ளூர்க் குழந்தை நிகழ்ச்சி என்று சில்வேனியா விருது கிடைத்ததைத் தன் வீட்டு விசேஷம்போலச் சொன்னார்.

1961-ல் நிகழ்ச்சி முடிந்தது. ஜோசி அதே ஊரின் வணிக நிலையமான கே.டி.கே.ஏ.வில் 'ஜோசீஸ் ஸ்டோரிலாண்ட்' நடத்தினார். ஃபிரெட் மதிய இடைவேளைகளில் படித்துவந்த இறையியலை முடித்தார். பிறகு கனடா. அங்கே சி.பி.சி. தொலைக்காட்சியில் குழந்தை நிகழ்ச்சிகளின் தலைவர் ஃபிரெட் ரெயின்ஸ்பெரிதான், நீ பொம்மைக்குப் பின்னால் நிற்க வேண்டாம், முன்னால் வா என்று அவரைப் பிடித்துத் தள்ளியவர். முப்பத்தைந்து வயதில்தான் ரோஜர்ஸ் முகம் திரைக்கு வந்தது. பொம்மைகளும் கூடவே வந்தன. ஜோசி வரவில்லை.

இதில்தான் இரண்டு வீட்டுக்கும் தகராறு. பொம்மைகள் அவருடைய கை, அவருடைய குரல், அவர் எடுத்துக்கொண்டு போனதில் என்ன தப்பு என்கிறாள் சித்தி. கை அவருடையது, ஆனால் அந்தப் பொம்மைகளைப் பேச வைத்தது யாருடைய கேள்வி என்கிறார் பக்கத்து வீட்டம்மா. ரோஜர்ஸ் நிகழ்ச்சியின் ஆரம்ப வருஷங்களில் தினமும் கடைசியில் வந்த 'டுமாரோ' பாட்டுக்கு மெட்டு ஃபிரெட், வரிகள் ஜோசி. அதைச் சொன்னேன். இரண்டு பேருமே அதைத் தங்கள் கட்சிக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். நான் சித்தி வீட்டில் சாப்பிடுகிறவள். ஆனாலும் இந்த வழக்கில் ஓட்டு பக்கத்து வீட்டுக்குத்தான். எதிரில் கேட்பதற்கு ஆள் இல்லாமல் புலி என்ன பேசியிருக்கும்?

ரோஜர்ஸ் 2003-ல் காலமானார், ஜோசி 2004-ல். அவரைப் பற்றி ஆவணப்படங்கள், சினிமா, ஆற்றங்கரையில் வெண்கலச் சிலை. இவரைப் பற்றி அங்கங்கே சில பக்கங்கள். எழுபதுகளில் தென் கரோலினாவின் கல்வித் தொலைக்காட்சிக்குப் போய் 'வீ!' என்றொரு நிகழ்ச்சியையும் ஜோசி நடத்தியிருக்கிறார். வீடியோ டேப் வந்து இருபது வருஷம் ஆன காலம், பதிவுகள் இருந்தாக வேண்டும். பக்கத்து வீட்டம்மா அந்த நிலையத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார், கையெழுத்தில், நூலகர்களுக்கே உரிய கறாரோடு. அனுப்புமுன் என்னிடம் காட்டினார். ரோஜர்ஸ் பெயர் அதில் ஒரே ஒரு இடத்தில், அடைப்புக்குறிக்குள் வருகிறது.