கியோட்டோவில் கருடன் குழல் ஊதுகிறார்

மூக்கு இன்னும் முகத்தில்தான் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டிய குளிர். எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தளியைக் 'குட்டி இங்கிலாந்து' என்பார்கள். மார்கழியில் அங்கே சால்வை போர்த்தித் திரிந்தவன் என்ற தெம்பில்தான் நாகரசம்பட்டியிலிருந்து ஜப்பானிய மொழியும் பண்பாடும் படிக்கக் கிளம்பினேன். பிப்ரவரிக் கியோட்டோ அந்தத் தெம்பை வாசலிலேயே கழற்றி வைக்கச் சொல்லிவிட்டது. காலையில் ஒரு டிகிரி. குழாய்த் தண்ணீர் சுடுகிறதா குளிர்கிறதா என்று கைக்கே குழப்பம்.

அன்று பிப்ரவரி 3, செட்சுபுன். பழைய பஞ்சாங்கப்படி மறுநாள் வசந்தம் பிறக்கிறது. (வசந்தமாம்! என் பற்கள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.) வகுப்புக்குப் போகும் சந்தில், ஒரு மரவீட்டு வாசலில் கருவாட்டு வாசம் ஆளைத் தூக்கியது. முள் இலைக் கொத்து ஒன்றில் வாட்டிய மத்தித் தலையைக் குத்தி நிலையில் செருகியிருந்தார்கள். முள்ளுக்குப் பயந்தும் நாற்றம் தாங்காமலும் பேய் உள்ளே வராதாம். எங்கள் தெருவில் கற்றாழையும் படிகாரமும் கட்டுவோம்; நம்ம பேய்களுக்கு மூக்கு அவ்வளவு கூர்மையில்லை போலிருக்கிறது. புல்லட் ரயில் நிற்கும் ஊரில் மீன்தலைக்கு மிரளும் பேய்! ஊர் அப்போதே எனக்குப் பிடித்துப்போயிற்று.

வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்காரும் பிரெஞ்சு மாணவி, வினைச்சொல் எப்போது வரும் என்று வாக்கியத்தின் கடைசிவரை தவித்துக்கொண்டிருப்பார். எனக்கு அந்தக் கஷ்டமே இல்லை. 'நான் நேற்று சந்தைக்குப் போனேன்' என்பதை வரிசை மாற்றாமல் அப்படியே ஜப்பானியத்தில் சொல்லிவிடலாம். வேற்றுமை உருபுகூடப் பெயருக்குப் பின்னால்தான் ஒட்டுகிறது. எழுத்து அட்டவணையோ அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று இறங்குகிறது! பௌத்தத்தோடு அங்கே போய்ச் சேர்ந்த இந்திய ஒலி வரிசை இது. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர், ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்றுகூட வாதாடினார். மொழியியலாளர்கள் பெரும்பாலோர் ஒப்பவில்லை. நானும் அவ்வளவு தூரம் போகமாட்டேன். கன்ஜி என்னும் சீன எழுத்துகள் வந்ததும் என் பெருமையெல்லாம் அடங்கிவிடுகிறது. அன்றாடப் புழக்கத்துக்கென்று அரசு வகுத்த பட்டியலிலேயே 2,136 இருக்கின்றன.

"உங்கள் ஊரில் என்ன விசேஷம்?" என்றார் சென்செய், அதாவது ஆசிரியர். மாம்பழம் என்றேன். அவர் முகம் மலர்ந்து மியாசாகி மாம்பழத்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். பசுமைக் குடிலுக்குள் மரம் வளர்த்து, காய்க்குக் காய் வலை மாட்டி, தானாகப் பழுத்து அதில் விழும்வரை காத்திருப்பார்களாம். 350 கிராமுக்கும், 15 பாகை இனிப்புக்கும் குறையாமல் இருந்தால்தான் 'சூரியனின் முட்டை' என்ற பட்டம். 2019 ஏலத்தில் ஒரு ஜோடி 5 லட்சம் யென்னுக்குப் போனது. நம் பணத்தில் அன்றைக்கு மூன்று லட்சம் சொச்சம்! கூழ் ஆலை வாசலில் கிளிமூக்கு மாங்காய் லோடோடு விலைக்காகக் காத்துக் கிடக்கும் எங்கள் ஊர்க்காரர்களிடம் இதை எப்படிச் சொல்வேன்?

மதியம் சன்ஜூசன்கென்டோ. 1266இல் திரும்பக் கட்டப்பட்ட நீண்ட மரக்கோயில். நம்மூர் மாதிரியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், பலகைத் தரையின் குளிர் உள்ளங்காலில் ஊசி ஏற்றுகிறது. ஊதுவத்திப் புகையும் பழைய மரமுமாக ஒரு வாசனை. அரையிருட்டில் கருணைப் போதிசத்துவரான கன்னோனின் 1,001 சிலைகள், வரிசை வரிசையாக, பொன் பூச்சோடு. வாயை மூட மறந்து நின்றேன். முன்வரிசையில் 28 காவல் தெய்வங்கள். பெயர்ப் பலகையைப் படித்தால் ஒருவர் பிரம்மா, ஒருவர் இந்திரன்! அடுத்து கருடன். இறக்கையும் அலகும் சரிதான், ஆனால் கையில் புல்லாங்குழல்! பெருமாளைச் சுமக்கிறவர் இங்கே கண்ணன் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறார். "சாமி, எப்போ வந்தீங்க?" என்று தமிழிலேயே கேட்டேன், மெதுவாகத்தான்.

சாயங்காலம் யோஷிதா கோயில் வழியில் கடைகள், சுட்ட கணவாய் வாசம், ஆவி பறக்கும் இனிப்பு அரிசிப் பானம். குடித்த பிறகுதான் விரல்கள் என் சொல்லைக் கேட்டன. விடுதியில் செட்சுபுன் வழக்கப்படி பேய் முகமூடி மாட்டியவர் மேல் வறுத்த சோயாபீன்ஸை வீசி விரட்டினோம். பிறகு வயசு எத்தனையோ அத்தனை பீன்ஸ் தின்ன வேண்டும். அதன்பின் சாண் நீளச் சோற்றுச் சுருள்: அந்த ஆண்டின் நல்ல திசையைப் பார்த்து, முடிக்கும்வரை வாய் பேசாமல் சாப்பிட வேண்டும். நாம் தினக் காலண்டரில் சூலம் பார்த்துத் தவிர்க்கிறோம். இவர்கள் திசை பார்த்து உண்கிறார்கள். திசைகூடப் பரவாயில்லை. பந்தியில் ஊர்க்கதை அத்தனையும் பேசித் தீர்க்கும் ஊரில் பிறந்தவனுக்கு அந்த மௌனம் தண்டனைதான்.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தம்பி தங்கைகளே, ஜப்பானியத் தகுதித் தேர்வு சென்னையிலும் பெங்களூருவிலும் நடக்கிறது. கீழ்ப்படியான என்5இலிருந்து தொடங்கலாம். கல்லூரியில் ஜப்பானியத்தையே பாடமாக எடுப்பவர்களுக்கு அந்நாட்டு அரசின் உதவித்தொகை இருக்கிறது, தூதரகத்தில் கேளுங்கள். இலக்கணத்துக்குப் பயப்படாதீர்கள், தமிழ் பாதி வேலையைச் செய்துவைத்திருக்கிறது. ஸ்வெட்டர் மட்டும் இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.