அருவியும் திராட்சைச் சாறும்

அருவி காணப் புறப்பட்டவன் மாலையில் மதுக்கூடம் ஒன்றில் போய் அமர்ந்தேன் என்று எழுதத் தொடங்கினால், நம் சங்கத்து அன்பர்கள் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம் எனக்கு இல்லாமல் இல்லை. கலியாணப் பந்தியில் மோருக்கு மேல் ஒன்றும் வேண்டாதவன் என்று என்னை அறிந்தவர்கள் அவர்கள். ஆயினும் நடந்ததை நடந்தவாறே எழுதிவிடுகிறேன்.

என் மகள் இத்தாலியின் தென்கிழக்குக் கரையில் உள்ள பாரி நகரத்தில் உத்தியோகம் பார்க்கிறாள். சென்ற செப்டம்பரில் அவளோடு ஒரு மாதம் தங்கியிருந்தேன். என் மனைவிக்கு முழங்கால் வலி, அவள் வரவில்லை. பாரித் துறைமுகத்தில் இரவு கப்பல் ஏறினால், அட்ரியாட்டிக் கடலைக் கடந்து, மறுநாள் காலையில் அல்பேனியாவின் துர்ரஸ் துறைமுகத்தில் இறங்கலாம். "மூன்று நாள் விடுமுறை இருக்கிறது, அப்பா, போய் வருவோமா?" என்றாள். அல்பேனியா என்றதும் எனக்கு ஒரே ஒரு பெயர்தான் நினைவுக்கு வந்தது. கல்கத்தாவில் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தவனுக்கு அது எந்தப் பெயர் என்று சொல்ல வேண்டுவதில்லை. அன்னை தெரேசா 1910-ஆம் ஆண்டு ஸ்கோப்யே நகரில் அல்பேனியக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். தலைநகரான திரானாவின் விமான நிலையத்துக்கு இன்று அவர் பெயரையே இட்டிருக்கிறார்கள்.

அல்பேனியா மிகச் சிறிய தேசம். பரப்பில் நம் கேரளத்தைவிடவும் சிறியது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 28 லட்சமாக இருந்த மக்கள்தொகை, 2023-ஆம் ஆண்டில் 24 லட்சமாகக் குறைந்துவிட்டது. காரணம் போரன்று, பஞ்சமுமன்று. இளைஞர்கள் பிழைப்புத் தேடி இத்தாலிக்கும் கிரேக்கத்துக்கும் ஜெர்மனிக்கும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஊரில் வீடு ஒன்றைப் பூட்டி வைத்துவிட்டுப் பிற மாநிலத்தில் காலம் கழிக்கும் நமக்கு இது புதிய செய்தியன்று.

முதல் நாள் இரவு பெராத் நகரத்தில் தங்கினோம். ஓசும் ஆற்றின் கரையில், மலைச்சரிவில் வெள்ளை வீடுகள் படிப்படியாக ஏறிச் செல்கின்றன. எல்லா வீட்டுச் சன்னல்களும் ஆற்றைப் பார்த்தவாறே இருப்பதால், ஆயிரம் சன்னல்களின் நகரம் என்று அதற்குப் பெயர் வழங்குகிறது. 2008-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதை உலக மரபுச் செல்வமாக அங்கீகரித்தது. உச்சியில் உள்ள கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன; மதிலோரம் துணி காய்கிறது. அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இப்போது அருவிக்குப் போவோம்.

காலையில் ஒரு வாடகைக் கார் வந்தது. சாரதி ஐம்பது வயதைக் கடந்தவர். "பொகோவா அருவிக்குத்தானே போகிறோம்?" என்று கேட்டேன். அவர் தலையை இடமும் வலமும் ஆட்டினார். எனக்குத் திகைப்பாகிவிட்டது. வேறெங்கே அழைத்துச் செல்கிறார்? என் மகள் சிரித்தாள். அல்பேனியரிடையே, அதிலும் வயது முதிர்ந்தவரிடையே, தலையைப் பக்கவாட்டில் அசைத்தால் 'ஆம்' என்று பொருளாம். மேலும் கீழுமாக அசைத்தால் 'இல்லை' என்று பொருளாம். நாம் தலையாட்டுவதைக் கண்டு பிறர் குழம்புவதை எத்தனையோ முறை பார்த்து நகைத்திருக்கிறேன். இம்முறை குழம்பும் முறை எனக்கு வந்தது. அன்று மாலை இதே தலையாட்டல் என்னை எங்கே கொண்டு நிறுத்தப்போகிறது என்பதை நான் அப்போது அறியவில்லை.

பாதை ஓசும் ஆற்றை எதிர்த்து மேலே செல்கிறது. இடப்புறம் தொமோர் மலை. 2,400 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம். பெக்தாஷி என்னும் முஸ்லிம் சமயப் பிரிவினருக்கு அது புனித மலை. ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் அங்கே யாத்திரை செல்கிறார்கள். 1967-ஆம் ஆண்டு முதல் 1990 வரை இந்நாட்டில் எந்தச் சமய வழிபாடும் குற்றமாக இருந்தது. என்வர் ஹோஜா என்ற ஆட்சியாளர், 1985-இல் இறக்கும்வரை, நாட்டைச் சுற்றிச் சுவர் எழுப்பியதுபோல் உலகத்தினின்றும் பிரித்து வைத்திருந்தார். பகைவர் படையெடுத்து வருவர் என்று அஞ்சி, வயலிலும் கடற்கரையிலும் மலைப்பாதையிலும் பல்லாயிரக்கணக்கான கான்கிரீட் காப்பறைகளைக் கட்டுவித்தார். மழைக்குப் பின் முளைத்த காளான்போல் அவை இன்றும் ஆங்காங்கே நிற்கின்றன. படையெடுத்து வந்தவர் எவருமில்லை. வழியில் பொலிச்சான் என்ற ஊர். அக்காலத்தில் அங்கே ஆயுதத் தொழிற்சாலை இருந்ததாம்.

பொகோவாவில் வண்டியை நிறுத்திவிட்டு, ஓடையோரமாக அரைமணி நேரம் நடக்க வேண்டும். காட்டு மரங்களின் நிழல் அடர்ந்த பாதை. செங்குத்தன்று, ஆனால் ஈரக் கற்கள் வழுக்கின. ஓடையைக் குறுக்கே கடக்க மரப்பலகைப் பாலங்கள் உண்டு. முதல் பாலத்தில் மகள் கையை நீட்டினாள். "வேண்டாம், நானே வருகிறேன்" என்றேன். இரண்டாவது பாலத்தில் அவள் நீட்டவில்லை, நானே பற்றிக்கொண்டேன்.

அருவி திடீரென்று தோன்றியது. பாறை முகத்திலிருந்து வெள்ளையாக விழுந்து, பச்சையும் நீலமும் கலந்த சிறு குளமாகத் தேங்குகிறது. நான் தென்காசிக்காரன், குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்து வளர்ந்தவன். அருவியைக் கண்டு குளிக்காமல் திரும்புவது எங்களூரில் கோயிலுக்குப் போய்ச் சாமி கும்பிடாமல் வருவதற்குச் சமானம். வேட்டியைக் கொண்டு வரவில்லையே என்று வருந்தியவாறு, கால்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினேன். தண்ணீரா அது! பனிக்கட்டி உருகியதுபோல் எலும்பைக் கவ்வியது. குற்றாலத்து நீர் தலையில் அறைந்தாலும் தாய் அறைந்ததுபோல் இருக்கும். இது அன்னியன் அறைந்ததுபோல் இருந்தது. தலையில் மூன்று கை நீர் அள்ளி ஊற்றிக்கொண்டு கரையேறிவிட்டேன். மகள் துவாலையால் என் தலையைத் துவட்டினாள். என் தம்பியும் நானும் சிறுவயதில் ஐந்தருவியில் ஒருவர் தலையை ஒருவர் துவட்டியது ஏனோ நினைவுக்கு வந்தது. அவளிடம் சொல்லவில்லை.

பிற்பகலில் பெராத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் திராட்சைத் தோட்டம் ஒன்றுக்குச் சென்றோம். இந்த ஏற்பாட்டை மகள் முன்னரே செய்திருந்தாள். அங்கே உணவு சுவையாக இருக்கும் என்பதைச் சொன்னவள், மற்றதை மெதுவாகத்தான் சொன்னாள். தோட்டக்காரர் எழுபத்தைந்து வயதுக் கிழவர். அக்காலத்தில் இத்தாலியத் தொலைக்காட்சியைக் களவாகப் பார்த்து அம்மொழியைக் கற்றவராம். ஆகவே மகளே எங்களுக்குத் துபாஷியானாள்.

அவர் சொன்ன வரலாறு கேட்கத் தக்கது. அவருடைய தகப்பனாரின் நிலம் கூட்டுப் பண்ணையோடு சேர்க்கப்பட்டுவிட்டது. முற்றத்துப் பந்தலில் இரண்டு கொடிகள் மட்டுமே அவருடையவையாக எஞ்சின. 1991-ஆம் ஆண்டு நிலச்சட்டத்தால் நிலம் மீண்டும் குடும்பங்களுக்குப் பிரித்தளிக்கப்பட்டபோது, அந்த இரண்டு கொடிகளிலிருந்து பதியன் வைத்து இத்தோட்டத்தை உண்டாக்கினாராம். அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், 'வ்லோரா' என்ற சரக்குக் கப்பலில் ஏறத்தாழ இருபதினாயிரம் பேர் ஈ மொய்த்ததுபோல் ஏறிக்கொண்டு பாரித் துறைமுகத்துக்கு ஓடினார்கள். அவருடைய மூத்த மகனும் அதில் இருந்தான். அவர்களில் பெரும்பாலோரை இத்தாலி திருப்பி அனுப்பியது. மகன் திரும்பி வந்து, ஓராண்டு கழித்து மறுபடியும் போனான், இளையவனும் பின்தொடர்ந்தான். "பாரியிலிருந்தா வருகிறீர்கள்?" என்று கிழவர் இருமுறை கேட்டார். கல்கத்தா என்றதும் எழுந்து என் கையைப் பற்றிக்கொண்டு, "நெனெ தெரேசா" என்றார். அன்னையின் தாயார் 1972-இல் திரானாவில் இறந்தபோது, மகள் வந்து காண வழியிருக்கவில்லை. 1989-இல்தான் அவர் அந்நாட்டில் முதன்முறையாகக் காலடி வைக்க முடிந்தது. தாயின் கல்லறையைத்தான் கண்டார். இதைச் சொல்லிவிட்டுக் கிழவர் மேசையைத் துடைக்கத் தொடங்கினார்.

பின்பு ரொட்டி, வெண்பாலாடைக்கட்டி, ஒலிவக்காய், தக்காளி, உலர்ந்த அத்திப்பழம் எல்லாம் வந்தன. ஒவ்வொரு மதுவாக ஊற்றிக் கிழவர் விளக்கினார். 'புள்ஸ்' என்பது பெராத் பகுதிக்கே உரிய வெள்ளைத் திராட்சை. 'ஷெஷ் இ பார்த' வெள்ளை; 'ஷெஷ் இ ஸி' கறுப்பு; இரண்டும் திரானாவை அடுத்த ஒரு சிற்றூரின் பெயர் பெற்றவை. 'கல்மெத்' வடபகுதியைச் சேர்ந்தது. முதலில் நிறத்தைப் பார்க்க வேண்டும். பிறகு கிண்ணத்தைச் சுழற்றி முகர வேண்டும். பிறகே ஒரு மிடறு. விழுங்க விரும்பாதவர் உமிழ்வதற்கும் ஒரு பாத்திரம் வைத்திருந்தார்கள். எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணையில் வெற்றிலைச் சாற்றுக்கு இருந்த படிக்கத்துக்கு இத்தனை தூரத்தில் ஓர் உடன்பிறப்பைக் காண்பேன் என்று எண்ணவில்லை!

என் மகள் கிண்ணத்தைப் பிடித்த விதத்திலேயே அது அவளுக்குப் புதிதன்று என்பது தெரிந்துவிட்டது. நான் தொமோர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழவர் என் பக்கம் திரும்பிச் சாடியை உயர்த்தினார். வேண்டாம் என்பதற்காகத் தலையை இடமும் வலமும் ஆட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. கிண்ணம் நிறைய ஊற்றிவிட்டு, "கெஸுவார்!" என்று வாழ்த்திக் காத்து நின்றார்.

விருந்தினன் முன் வைத்ததை விருந்தினன் தள்ளுவது அந்நாட்டில் பெரிய அவமதிப்பு. மகள் தாழ்ந்த குரலில், "ஒரு வாய்தானே, அப்பா. அவர் வருத்தப்படுவார்" என்றாள். என் கை கிண்ணத்தருகே சென்றதும் உண்மை. அங்கேயே நின்றுவிட்டது.

"உன் சித்தப்பா எப்படிச் செத்தான், தெரியுமா?" என்று கேட்டேன்.

"மாரடைப்பு என்றல்லவா சொன்னீர்கள்?"

"பாட்டிக்கு மஞ்சள் காமாலை என்று எழுதினேன். உனக்கு மாரடைப்பு என்றேன். இரண்டும் பொய்."

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லாததை, ஒருவர்க்கும் புரியாத மொழியில், அந்த அன்னிய மேசையில் சொன்னேன். அண்ணன் நிழலில் இருக்கட்டும் என்று 1979-இல் அம்மா அவனைக் கல்கத்தாவுக்கு அனுப்பினாள். துறைமுகத்தில் வேலை வாங்கிக் கொடுத்தேன். குடிக்கத் தொடங்கினான். சம்பளத்தை நானே வாங்கி வைத்துக்கொண்டேன். கடன் வாங்கிக் குடித்தான். கடனை அடைத்தேன், மறுபடியும் வாங்கினான். 1989-ஆம் ஆண்டு ஆடி மாதத்து மழை இரவு ஒன்றில் வந்து கதவைத் தட்டினான். "உன் அம்மா திறக்க எழுந்தாள். நான் தடுத்தேன். நீ அப்போது கைக்குழந்தை. தட்டுகிற சத்தத்தில் விழித்து அழுதாய். அவன் நெடுநேரம் தட்டினான்." மூன்று மாதத்தில் ஈரல் கெட்டு மருத்துவமனையில் இறந்தான். கேவ்ராதலா சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது, இனி மது என் நாவிலும் படாது, என் வீட்டு வாசற்படியையும் தாண்டாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

மகள் சற்று நேரம் பேசவில்லை. கிழவர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். அவள் இத்தாலிய மொழியில் அவரிடம் சிலவே சொன்னாள். எவ்வளவு சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அவர் "பெஸா" என்றார். அந்நாட்டார் கொடுத்த வாக்குக்கு அப்படி ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் அந்த வாக்கைக் காக்கவே பல குடும்பங்கள் யூதர்களைத் தம் வீட்டில் மறைத்து வைத்தன. போர் முடிந்தபோது அங்கே முன்பிருந்ததைவிட அதிகமான யூதர்கள் உயிரோடிருந்தார்கள். அவர் என் கிண்ணத்தைத் தாமே எடுத்துச் சென்றுவிட்டு, வேறொரு கிண்ணத்தில் கலங்கலான சாற்றைக் கொண்டு வந்து வைத்தார். அன்று காலையில் பிழிந்த திராட்சைச் சாறு. இன்னும் நொதிக்கத் தொடங்கவில்லை என்று மகள் கேட்டு உறுதி செய்தாள். அதிமதுரமாக இருந்தது. பல்லில் தோல் ஒட்டியது.

என் மகள் தன் கிண்ணத்தைக் கீழே வைத்திருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரத்துக்குப் பின் அவளே அதை எடுத்து, மீதியையும் பருகினாள். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

புறப்படும்போது கிழவர் ஒரு புட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். பாரியில் தம் மூத்த மகன் வீட்டில் சேர்ப்பித்துவிட வேண்டுமாம். முகவரியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதினார். எனக்கு ஒரு பொட்டலம் அத்திப்பழம். மறுபடியும் வருவீர்களா என்று கேட்டார். தலையை இடமும் வலமும் ஆட்டினேன்.

காரில் வெகுதூரம் வந்த பிறகு மகள் கேட்டாள்: "அன்று அம்மா கதவைத் திறந்திருந்தால், அப்பா?"

"தெரியவில்லை, அம்மா" என்றேன்.

கப்பலில் அந்தப் புட்டியை என் பையில்தான் வைத்திருந்தேன்; அவளுடைய பையில் இடமில்லை. பாரியில் இறங்கிய அன்று மாலையே இருவருமாக அந்த முகவரியைத் தேடிச் சென்றோம். மூன்றாவது மாடி. ஐம்பது வயதை எட்டிய ஒருவர் கதவைத் திறந்தார். என் மகள் பெராத் என்ற பெயரைச் சொன்னதும், உள்ளே வாருங்கள் என்று வழிவிட்டு நின்றார்.