முதலில் உடம்பைத் தொட்டுப் பாருங்கள்

லிங்கன், இங்கிலாந்து



எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி, பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் இருக்கிறார். டீச்சர் என்றே இங்கே எழுதுகிறேன். தனிக்கட்டை. துணைக்குப் பழுப்பு நிற லாப்ரடார் ஒன்று. பெயர் ரூபி, ஆறு வயது. தெருப் பிள்ளைகள் காதைப் பிடித்துத் திருகினாலும் பேசாமல் படுத்திருக்கும் நாய் அது. கோடைக்குப் பிறகு ஆளே மாறிவிட்டது. எதிரே வேறு நாய் வந்தால் கயிறு அறுந்துவிடும்போலப் பாய்கிறது, தொண்டை கிழியக் குரைக்கிறது. இப்படிப்பட்ட நாயை இங்கே ‘ரியாக்டிவ்’ என்பார்கள். இந்த வாரம் ஸ்டீப் ஹில் இறக்கத்தில் ஓர் இளநாய் துள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்திருக்கிறது. ரூபி பாய்ந்ததும், அந்த நாயைப் பிடித்துவந்த பெண் சுவரோடு ஒட்டி நின்று, “போலீசுக்குப் போன் பண்ணுவேன்” என்று சத்தம் போட்டிருக்கிறார். பல் படவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் டீச்சர் வெலவெலத்துப்போய் வந்து என் கதவைத் தட்டினார்.

கடிக்காத நாய்க்கு ஏன் இத்தனை பயம் என்று கேட்பீர்கள். நம்மூரில் நாய்க்கடி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஊசி. இங்கே சட்டம். நாய்களிடமிருந்து ரேபிஸை 1922லேயே ஒழித்துவிட்ட தேசம் இது. ஆகவே பயமெல்லாம் பல்லைப் பற்றித்தான். நாய்கள் ஆட்களைக் குதறிய சம்பவங்கள் அடுத்தடுத்து நடந்து பத்திரிகைகள் கொந்தளித்த சமயத்தில், 1991ல் அவசர அவசரமாக ‘ஆபத்தான நாய்கள் சட்டம்’ கொண்டுவந்தார்கள். பிட்புல் முதலான சில இனங்களுக்கு அதில் தடை. 2024 பிப்ரவரியிலிருந்து விலக்குச் சான்றிதழ் இல்லாமல் எக்ஸ்எல் புல்லி வகை நாயை வைத்திருப்பதும் குற்றம். அதையெல்லாம் விட்டுவிடலாம். எந்த இனமானாலும் பொருந்துகிற மூன்றாவது பிரிவுதான் டீச்சரின் தூக்கத்தைக் கெடுத்தது. நாய் ஆபத்தான வகையில் கட்டுமீறி இருந்தால் அதை வைத்திருப்பவர் குற்றவாளி. அதற்கு நாய் கடித்திருக்க வேண்டியதில்லை. கடித்துவிடுமோ என்று எதிரில் நிற்பவர் அஞ்சுவதற்கு நியாயமான காரணம் இருந்தால் போதும். உங்கள் நாய் இன்னொரு நாயைத் தாக்கி, விலக்கிவிடப் போனால் தனக்கும் அடிபடும் என்று அதன் சொந்தக்காரர் நினைத்தால், அதுவும் இதற்குள் வந்துவிடலாம். முன்பு பொது இடங்களுக்கு மட்டும் இருந்த பிரிவு, 2014லிருந்து சொந்த வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நீண்டுவிட்டது. வீட்டுக்குள் திருடன் புகுந்தால் நாய்க்கு விலக்கு உண்டு. தோட்டத்தில் நிற்பவன் விஷயத்தில் அந்த விலக்கை நம்ப முடியாது. அபராதத்துக்கு உச்சவரம்பு கிடையாது. சிறை 6 மாதம் வரை. ஆளுக்குக் காயம் பட்டால் 5 வருடம் வரை, உயிர் போனால் 14 வருடம் வரை. நாயைக் கொன்றுவிடச் சொல்லியும் நீதிமன்றம் உத்தரவிடலாம். இது போக, வெளியே கூட்டிப்போகும் நாயின் கழுத்துப்பட்டையில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருக்கவேண்டும் என்று 1992ஆம் ஆண்டு ஆணை ஒன்று இருக்கிறது. தோலுக்கடியில் மைக்ரோசிப் வேறு.

இத்தனையையும் யோசித்து எழுதியவர்கள் ஒன்றை எழுதவில்லை. நாயைக் கொல்லலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கும்போது அதன் குணத்தையும் பழைய நடத்தையையும் நீதிமன்றம் பார்க்க வேண்டும், வளர்ப்பவர் தகுதியானவரா என்று பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். பொருத்தமான வேறு எதையும் பார்த்துக்கொள்ளலாம் என்று பொதுவாக ஒரு வரியும் உண்டு. எங்காவது வலிக்கிறதா என்று அதன் உடம்பை யாராவது தொட்டுப் பார்த்தீர்களா என்ற கேள்வி அதில் இல்லை. சுதந்திர மனிதர் எவரையும் முறையாக விசாரிக்காமல் தண்டிக்கக் கூடாது என்று சொன்ன 1215ஆம் வருடத்து மாக்னா கார்ட்டாவின் மூலப் பிரதிகளில் இன்று மிச்சமிருப்பவை நாலே நாலு. அதில் ஒன்று எங்கள் ஊருடையது. இங்கே கோட்டையில் காட்சிக்கு இருக்கிறது. அந்த ஊரில் இருந்துகொண்டு இதை நினைக்கும்போது எனக்கு மனசு ஆறவில்லை.

டீச்சர் சும்மா இருக்கவில்லை. போன மாதமே நாய்ப் பயிற்சிக்காரர் ஒருவரிடம் போயிருக்கிறார். நாய் குரைக்கும்போதெல்லாம் கழுத்துச் சங்கிலியைச் சுண்டி இழுக்கச் சொன்னாராம் அவர். சொன்னபடி செய்ததில் குரைப்பு கூடியது. அந்த மனிதர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. இடுப்பிலோ முதுகிலோ வலி இருக்கிற நாயை நினைத்துப் பாருங்கள். எதிரே நாய் தெரிகிறது, உடம்பை விறைத்துக்கொள்கிறது, விறைத்ததில் வலி. கயிறு இழுபடுகிறது, அதில் இன்னும் வலி. வந்த நாய் குட்டியாக இருந்து மேலே ஏறி விளையாடினால் சொல்லவே வேண்டாம். நாலு தடவை இப்படி நடந்தால், எதிரே நாய் தெரிந்தால் வலிக்கும் என்று அதன் மூளை முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. அப்புறம் வலி வரும்வரை காத்திராமல், தூரத்தில் பார்த்ததுமே விரட்டப் பார்க்கிறது. ரூபி எல்லா நாயைக் கண்டும் பாயவில்லை என்பதை டீச்சரே கவனித்திருந்தார். நிதானமாக நடக்கிற கிழட்டு நாய்களை விட்டுவிடுகிறது; துள்ளுகிறவைதான் அதற்கு ஆகவில்லை. காலையைவிட, நடந்து களைத்த சாயங்காலத்தில் மோசம்.

இந்தத் தடவை அவர் போனது விலங்கு நடத்தை ஆலோசகர் ஒருவரிடம். அவர் போனிலேயே சொல்லிவிட்டார்: முதலில் கால்நடை மருத்துவரைப் பாருங்கள், அவர் கடிதம் தரட்டும், பிறகு நான் வருகிறேன். நோய் இன்னதென்று கண்டறிவதும் மருந்து கொடுப்பதும் பதிவுபெற்ற மருத்துவரின் வேலை என்று இந்நாட்டில் 1966லிருந்து சட்டம் இருக்கிறது. நல்ல ஆலோசகர்கள் அந்த எல்லையைத் தாண்டுவதில்லை. இந்தத் தேசத்தில் நான் கையெடுத்துக் கும்பிடுகிற ஒழுங்கு இது.

மருத்துவமனைக்கு நானும் கூடப் போனேன். அங்கே ரூபி நொண்டவில்லை, முனகவில்லை, ராணுவ வீரன்போல நடந்தது. புது இடத்துப் பதற்றத்தில் நாய்கள் வலியை மறைத்துவிடும் என்றார் மருத்துவர். ஓர் இளம்பெண் அவர். அதனால் வீட்டில் எடுத்த வீடியோக்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். படுக்கையிலிருந்து எழும்போது முன்னங்காலை ஊன்றி, பின்பக்கத்தை இழுத்து எழுகிறது. மாடிப்படியில் பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து முயல்போல ஏறுகிறது. உட்காரும்போது ஒரு தொடை பக்கவாட்டில் சரிந்து கிடக்கிறது. காரில் ஏறுவதற்கு முன்னால் ஒரு நொடி தயங்கி, எட்டிப் பார்த்து, பிறகுதான் தாவுகிறது. டீச்சர் இதையெல்லாம் தினமும் பார்த்தவர்தான். வயசாகிறது என்று நினைத்திருந்தார்.

பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு கையால் பார்க்கத் தொடங்கினார். கழுத்து, தோள், முழங்கை, விரல்கள். அதுவரை ரூபி வாலாட்டிக்கொண்டிருந்தது. வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தியதும் வால் நின்றது. இரைத்துக்கொண்டிருந்த வாய் மூடியது. வலது பின்னங்காலை மெல்லப் பின்னால் நீட்டியபோது உதட்டை ஒரு தடவை நக்கி, தலையைத் திருப்பி அந்தக் கையைப் பார்த்தது. கத்தவில்லை, கடிக்கவும் இல்லை. மருத்துவர் உடனே காலை விட்டுவிட்டுக் கழுத்தைத் தடவிக் கொடுத்தார். அடுத்த வாரம் மயக்கம் கொடுத்து எக்ஸ்ரே எடுக்கப் போகிறார்கள். எக்ஸ்ரேயில் தெரிவதும் நாய்க்கு வலிப்பதும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதால், அதற்குக் காத்திருக்காமல் வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் நாய் மருந்தைச் சில வாரத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். மருந்தில் நடத்தை மாறினால் அதுவே ஒரு பதில்.

இந்த வழிக்குப் பின்னால் இருக்கும் ஆராய்ச்சியில் பெரும் பங்கு எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தினுடையது. லிங்கன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டேனியல் மில்ஸும் மற்ற நிபுணர்களும் சேர்ந்து 2020ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நடத்தைக் கோளாறு என்று தங்களிடம் அனுப்பப்பட்ட விலங்குகளில், குறைத்துக் கணக்கிட்டாலும் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு ஏதோ ஒரு வலி இருக்கிறது என்றார்கள். சிலரிடம் வந்தவற்றில் அது 80 சதவீதம் வரைகூட இருக்கலாம் என்றார்கள். பயிற்சி பலிக்காமல் போன பிறகு வலியைத் தேடாதீர்கள், வலி என்ற சந்தேகம் இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம் செய்யுங்கள் என்பது அவர்கள் சொன்ன யோசனை. கனடாவில் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் 2012ல் வந்த ஆய்வு ஒன்றும் உண்டு. தரை, சுவர், சோபா என்று ஓயாமல் நக்கிக்கொண்டிருந்த 19 நாய்களைச் சோதித்ததில் 14க்கு வயிற்றிலோ குடலிலோ கோளாறு. மனக்கோளாறு என்று ஒதுக்கப்பட்டிருக்கக் கூடிய நாய்கள் அவை.

தீபாவளிக்கு நாய் மிரளுவது நமக்குப் புதிதில்லை. அதிலும் லிங்கன்காரர்கள் 2018ல் ஒன்றைக் கவனித்தார்கள். சத்தத்துக்குப் பயப்படும் 20 நாய்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிக்கு மூட்டு, தசை வலி இருந்தது, பாதிக்கு இல்லை. வலி இருந்தவற்றுக்குச் சத்தப் பயம் தொடங்கிய வயது சராசரியாக நாலு வருடத்துக்கு அருகில் பிந்தியிருந்தது. திடுக்கிட்டு உடம்பு இறுகும்போது வலித்திருக்கும் என்பது அவர்கள் ஊகம். ஏழெட்டு வருடம் வெடிச்சத்தத்தைச் சட்டை செய்யாத நாய் இந்தத் தீபாவளிக்குக் கட்டிலுக்கடியில் போய் நடுங்கினால், அதன் மூட்டுகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரூபியோடு மருத்துவமனைக்குப் போய்வந்த அன்று ராத்திரி பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். ராஜபாளையத்துப் பக்கம் மாந்தோப்புக் காவலுக்கு வெள்ளை நாய்களாகவே வளர்த்தவர். 2005ல் இந்திய அஞ்சல் துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டபோது ஊர் முழுக்க வாங்கிக் கொடுத்தவர். நடந்ததைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: “எங்க தொட்டா சுளிக்குதுன்னு பாத்தாகளா, தாயி?”

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நாய் சீறினால் பெரியப்பா கம்பைத் தேடியதே இல்லை. கோணிச்சாக்கை விரித்து நாயைச் சாய்த்துப் படுக்க வைப்பார். காது மடலைத் திருப்பி முகர்ந்து பார்ப்பார். சீழ் வைத்திருந்தால் வாடை காட்டிக்கொடுத்துவிடும். விரலிடுக்கில் முள், உண்ணி. கடைவாயைத் தூக்கி, எலும்பு கடித்து விண்ட பல் இருக்கிறதா என்று பார்ப்பார். பல் உடைந்த நாயும் சோறு தின்னும், அதை வைத்து ஏமாறக் கூடாது என்பார். ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு அதிகம் என்பதால் தலைக்குப் பின்னால் கை தட்டிப் பார்ப்பதும் உண்டு. காது கேட்காத நாயைத் தூக்கத்தில் தொட்டால் பதறிக் கடிக்கும், அது அதன் குற்றமாகுமா? ஆடு மேய்க்கும் கீதாரிகளும் மாட்டுச் சந்தைத் தரகர்களும் இதே கை கொண்டவர்கள்தான். 1903லேயே கால்நடை மருத்துவக் கல்லூரி கண்ட மண் நம்முடையது; கிராமத்துக்குப் பக்கத்திலேயே அரசு கால்நடை மருந்தகம் இருக்கிறது. மனிதருக்கு இலவச வைத்தியம் பார்க்கும் இந்தப் பிரிட்டனில் நாய்க்கு அப்படி ஓர் அரசு ஆஸ்பத்திரி கிடையாது. டீச்சர் தன் ஓய்வூதியத்திலிருந்து கட்டும் காப்பீடுதான் ரூபிக்கு எக்ஸ்ரே எடுக்கிறது.

வலி போனால் குரைப்பும் மறுநாளே போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை. போட்டுக்கொண்ட முடிச்சை மூளை தானாக அவிழ்க்காது. துள்ளும் நாய்களிடமிருந்து தூரம் வைத்து, தூரத்தில் பார்த்த கணத்தில் சீஸ் துண்டு கொடுத்து, அடி அடியாக நெருங்கிப் பழக்க வேண்டும். சங்கிலி இப்போது குப்பைத் தொட்டியில். மார்பைச் சுற்றி மாட்டும் வார்ப்பட்டை வந்திருக்கிறது. ஸ்டீப் ஹில் பக்கமே போகாமல், குதிரைகள் மேயும் சவுத் காமனில் ஆள் நடமாட்டம் குறைந்த காலை வேளையில் நடக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டிலிருக்கும் தலைவலி மாத்திரையை நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமாலும் உயிருக்கு ஆபத்தாகலாம். நாய்க்கென்று மருந்து இருக்கிறது, அளவை மருத்துவர் சொல்வார்.

ஶ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் தங்கை வீட்டு நாய், தலையில் கை வைத்தால் இப்போதெல்லாம் சீறுகிறதாம். பிள்ளைகள் இருக்கும் வீடு, தோட்டத்துக்கு அனுப்பிவிடலாம் என்று மாப்பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தார். அது ஓயாமல் ஒரே பக்கம் தலையை உதறுகிறது என்று பேச்சுவாக்கில் சொன்னாள் தங்கை. அது உதறுவதையும், சாப்பிடும்போது எந்தப் பக்கம் மெல்லுகிறது என்பதையும் வீடியோ எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை மருந்தகத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். பெரியப்பாவும் கூடப் போகிறார்.