பிடித்தலும் விடுதலும்

பொறியொன்றை ஓடச்செய்தல் அரிது. அதனை ஒரே சீராக ஓடச்செய்தல் அதனினும் அரிது. 1788ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் வாட் என்பார் தமது நீராவிப் பொறியிற் சுழலுங் குண்டுகள் இரண்டை அமைத்தார். பொறி விரையுமாயின் குண்டுகள் அகன்று நீராவியைக் குறைக்கும். தளருமாயின் அவை தாழ்ந்து நீராவியைக் கூட்டும். வாகனங்களுக்கு இத்தகைய காவலைத் தேடித்தந்தவர் றால்ஃப் டீட்டர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். அவர் ஐந்து வயதிற் கண்ணொளி இழந்தவர். பிறர் ஓட்டுங்கால் வேகம் ஏறுவதையும் இறங்குவதையும் தம் உடலாலேயே உணர்ந்து, அதற்கு மாற்றுத் தேடினார். அவர் கண்ட கருவி 1950இல் காப்புரிமை பெற்றது. 1958ஆம் ஆண்டுக் கிறைஸ்லர் வாகனங்களில் இடம்பெற்றது. அதன் வழிவந்ததையே இன்று 'குறூஸ் கொன்றோல்' என்கின்றோம்.

இக்கருவியை எம் பழைய டீசல் ஜீப்புக்குப் பூட்டிய வரலாற்றைப் பழைய மாணவ நண்பர்க்கும் இளைய மாணவர்க்கும் கூற விழைகின்றோம்.

வெள்ளவத்தையில் வாழும் எமக்கு 1990களில் யப்பானிற் செய்யப்பட்ட பஜேரோ ஜீப் ஒன்று உண்டு. 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய வாகனங்களின் விலை ஏறியது. விற்றுவிடுமாறு பலர் கூறினர். எம் மனம் இசையவில்லை. மாத்தறையில் உத்தியோகம் பார்க்கும் மகளிடம் மாதந்தோறும் செல்வதற்கு அதுவே எமக்குத் துணை. ஆயின் எம் வலமுழங்கால் நோவெடுக்கத் தொடங்கிற்று. தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் ஒரே அளவாக மிதித்த காலை அசைக்காது இருத்தல், நடத்தலினும் பெருந்துன்பமாயிற்று.

மெல்பேணிலிருந்து வந்த உறவினரொருவர் கருவியைக் கொணர்ந்து தந்தார். வேண்டிய கம்பியும் தாங்கியும் பஞ்சிகாவத்தையிற் கிடைத்தன. கொட்டாஞ்சேனையிலுள்ள சிறிய கராஜ் ஒன்றிலே வேலை தொடங்கிற்று.

பெற்றோல் வாகனத்துக்கு இக்கருவியைப் பூட்டுதல் எளிது. அதன் பொறி உள்ளிழுக்குங் காற்றை ஒரு தகடு தடுப்பதால் அங்கே வெற்றிடம் உண்டாகும். பழைய கருவிகள் அவ்வெற்றிடத்தின் வலியாலேயே இயங்கின. டீசற் பொறியோ காற்றைத் தடையின்றி உள்ளிழுப்பது. எண்ணெயின் அளவைக் கூட்டிக் குறைத்தே அதன் வலு மாற்றப்படுகிறது. ஆதலின், எம் ஜீப்பிலே பிறேக்குக்கு வேண்டிய வெற்றிடத்தை அல்டர்னேற்றரோடு இணைந்த தனிப் பம்பியொன்று உண்டாக்குகிறது. அதிலிருந்து ஒரு குழாயைக் கருவிக்குப் பிரிக்கலாம் என்றார் மெக்கானிக். பிறேக்கின் பங்கிற் கைவைத்தல் வேண்டா என்றோம். நல்வாய்ப்பாக உறவினர் கொணர்ந்தது மின்சாரத்தால் இயங்குவது. அதன் சிறிய மோட்டார், கம்பியொன்றினால் எண்ணெய்ப் பம்பியின் நெம்பை இழுக்கும். மின்சாரம் அற்றதும் நெம்பைச் சுருள்வில் பின்னிழுத்துவிடும். பின்சில்லுகளுக்குச் செல்லும் நெடுந்தண்டிற் காந்தங்களைக் கட்டி, அதனருகே ஒரு சுருளைப் பொருத்தினால், தண்டின் சுழற்சியைக் கொண்டு கருவி வேகத்தை அறியும்.

பிறேக்கை மிதித்ததும் கருவி விடுபடுவதற்கான இணைப்புகள் முடிந்தன. எஞ்சியது கிளச்சின் சுவிச்சு. "ஐயா, பிறேக்கில் விடுகிறதுதானே, கிளச்சுக்கும் எதற்கு?" என்றார் மெக்கானிக். "தம்பி, கருவி பிடித்திருக்கும்போது கிளச்சை மட்டும் மிதித்தால், பாரம் நீங்கிய பொறி என்ன செய்யும்?" என்று வினவினோம். சற்றுச் சிந்தித்தார். பம்பியினுள்ளே, வாட் அமைத்த குண்டுகளின் வழித்தோன்றலான சுழலெடைகள் உள்ளன; அவை பொறியை எல்லை மீறவிடா. எனினும் அவ்வெல்லைவரை பொறி அலறியே தீரும். மறுமொழி கூறாது சுவிச்சை எடுத்துப் பூட்டினார்.

சோதனையின்போது முதலிற் பார்த்தது கருவி வேகத்தைப் பிடிக்கின்றதா என்பதையன்று, விடுகின்றதா என்பதையே. பிறேக்கைத் தொட்டோம், விட்டது. கிளச்சைத் தொட்டோம், விட்டது. சுவிச்சை நிறுத்தினோம், விட்டது. அதன் பின்னரே 80 கிலோமீற்றரில் நிறுத்திக் காலை எடுத்தோம். ஏற்றத்திற் பொறி தானே எண்ணெயை மிகுத்துக்கொண்டது. இறக்கத்தில் வேகம் சிறிது மிஞ்சிற்று. இக்கருவி எண்ணெயைக் குறைக்குமேயன்றிப் பிறேக்கைப் பிடியாது. மழையிலும் நெரிசலிலும் அதனை நாடலாகாது. காலி வீதியிலோ அதற்கு வேலையே இல்லை. மாலை ஐந்து மணிக்கு வெள்ளவத்தையில் வாகனங்களின் வேகம் எக்கருவியுமின்றியே ஒரு நிலையில் நிற்கும்! கண்டி வீதியால் யாழ்ப்பாணஞ் செல்லும்போதும், ஆடுமாடுகளையும் சைக்கிள்களையும் எண்ணி, அதனை உறங்கவே விடுகின்றோம்.

மாத்தறை சேர்ந்து, முழங்கால் நோவின்றி இறங்கினோம். மகள் கருவியைப் பார்த்தாள். "நல்லதப்பா. ஆனால், பிறேக்கை மிதிப்பதும் அதே கால்தானே?" என்றாள்.

அவ்வினா எம்மைத் தைத்தது. கருவி காலுக்கு ஓய்வு தரும், காலுக்கு ஈடாகாது. மிதித்திருக்க இயலாத காலுக்கு அது துணை. விரைந்து மிதிக்க இயலாத காலுக்கு அது பகை. அன்று தொட்டு மாதத்தின் முதல் ஞாயிறு காலையில், ஆளரவமற்ற ஒழுங்கையிலே, மெல்ல ஓடும் ஜீப்பை முழுவலுவோடு பிறேக்கிட்டுப் பார்க்கின்றோம். அருகில் மகன் அமர்ந்திருப்பான், தீர்ப்பு அவனுடையது. இதுவரை தேறி வந்துள்ளோம். ஒருநாள் தேறாதொழிவோம், அன்றைக்கே திறப்பை அவன் கையில் வைப்பதென்று வாக்களித்துள்ளோம்.

நல்ல கருவிக்கு அழகு பிடித்தலன்று, வேண்டிய கணத்தில் விடுதல். அவ்வழகு அதனைப் பூட்டியவனுக்கும் வாய்க்குமாக.