ஈ, தா, கொடு

ஆங்கில வகுப்பில் ஒருநாள், ‘கிவ்’ என்னும் சொல்லையும் அப்பொருள் தரும் பிற சொற்களையும் வாக்கியங்களில் அமைக்குமாறு ஆசிரியர் பணித்தார். ‘யான் கல்லூரிக்குச் சம்பளத்தைப் பெஸ்டோ செய்தேன்’ என்னும் பொருள்பட எழுதினேன். வகுப்பு நகைத்தது. அச்சொல் மேலோர் தமக்குக் கீழுள்ளோர்க்கு உவந்தளித்தலைக் குறிக்கும் என்றார் ஆசிரியர். நாணித் தலைகுனிந்தேன்.

பின்னர்த் தொல்காப்பியம் பயின்றேன். ஒரு பொருளை இரக்குங்கால் இழிந்தோன் ‘ஈ’ என்றும், ஒப்போன் ‘தா’ என்றும், உயர்ந்தோன் ‘கொடு’ என்றும் கூறுதல் மரபு என்கின்றது சொல்லதிகாரம். ஒருபொருட் சொற்களைச் சொல்வோன் நிலை வேறுபடுத்தும் என்பது அன்று தெளிந்தேன்.

அச்சம்பளமோ எந்தையார் பசுவை விற்று அனுப்பியது. அதனை யானே அளித்ததாக எழுதிய பிழையை என் நெஞ்சு ஒன்றே அறியும். அடுத்த தவணைக்குப் பொருள் வேண்டி அவர்க்குக் கடிதம் வரைந்தபோது, ‘ஈக’ என்றே எழுதினேன்.